அண்ணனுக்குக் கிடைத்த மாடுகளும் எனக்குக் கிடைத்த நாய்களும்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றே தெரிந்துவிட்டது, கால்நடை டாக்டர் படிப்பு எனக்கு இல்லை என்று. உயிரியலில் நல்ல மார்க். இயற்பியல் காலை வாரிவிட்டது. நான் பெரிதாக அழவில்லை. டாக்டராக முடியாவிட்டால் டாக்டர் பக்கத்தில் நிற்கிற வேலைக்குப் படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மனிதர்களுக்கு நர்ஸ் இருக்கிற மாதிரி மாடுகளுக்கும் ஒருத்தி வேண்டும்தானே. இந்தச் சின்ன விஷயத்தை வீட்டுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

எங்கள் ஊர் பாலக்கோட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம். அப்பா தக்காளி போடுகிறவர். வீட்டில் இரண்டு கலப்பின மாடுகள். மடி வீங்கினாலும், கன்று சரியாகத் திரும்பாமல் நின்றாலும், டாக்டர் வரும்வரை மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான். என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் கொட்டகைப் பக்கமே வரமாட்டான். சாண வாடை அவனுக்கு ஆகாது. பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

நான் சொன்னதில் ‘நர்ஸிங்’ என்ற ஒரு வார்த்தை மட்டும்தான் அப்பா காதில் விழுந்திருக்கிறது. ஒரு வாரம் கழித்து மார்க்கெட்டிலிருந்து சந்தோஷமாக வந்தார்.

“சீட்டு சொல்லிட்டு வந்துட்டன். ஹாஸ்டலும் உண்டாம்.”

“எதுக்குப்பா?”

“நர்ஸிங்குதான கேட்ட?”

“மாட்டுக்குப்பா.”

“மனுசனுக்கு ஊசி போடக் கத்துக்கிட்டா மாட்டுக்குப் போட முடியாதா? பெரிய தோலுதான அது.”

அந்தச் சீட்டை வேண்டாம் என்று சொல்லவைக்க ஒரு மாதம் ஆனது. ஒரு நிபந்தனையோடுதான் ஒத்துக்கொண்டார். எங்கே விசாரிக்கப் போனாலும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

முதலில் போனது தர்மபுரியில் ஒரு மொபைல் கடைக்கு மாடியில் நடந்துகொண்டிருந்த தனியார் பயிற்சி நிலையத்துக்கு. வெளியே போர்டில் ‘வெட்னரி நர்ஸிங்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு நாய்க்குட்டியின் படமும் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு குளிர்ந்துபோனது. முதல்வர் நாற்காலியைக் காட்டி அண்ணனை உட்காரச் சொன்னார். “தம்பி, உங்க தங்கச்சி எதிர்காலத்த எங்க கையில வுட்டுடுங்க,” என்றார். அண்ணன் சரிங்க என்றான். அங்கேயே சேர்ந்துவிட்டேன்.

முதல் இரண்டு மாதம் மனித உடம்பைப் பற்றித்தான் பாடம் நடந்தது. லேப் டெக்னீஷியன் படிக்கிறவர்களும் நாங்களும் ஒரே அறையில் உட்கார்ந்தோம். மூலையில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று தொங்கியது. இரண்டு காலில் நிற்கிற எலும்புக்கூடு. ஒருநாள் எழுந்து கேட்டேன்.

“சார், மாடு எப்ப சார் நடத்துவீங்க?”

“எலும்புன்னா எல்லாம் எலும்புதாம்மா. கொஞ்சம் குனிஞ்சி நிக்கறாப்புல நெனச்சிக்க.”

பிராக்டிகல் வேண்டும் என்று நாங்கள் நச்சரித்ததில் ஒரு சனிக்கிழமை நிஜமாகவே ஒரு வெள்ளாட்டைப் படியேற்றிக் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதாக ஏற்பாடு. தெர்மாமீட்டர் என் கைக்கு வருகிற நேரத்தில் கீழேயிருந்து ஒருவர் வந்து, “சார், ஆட்டக் குடுங்க, கடைக்கு நேரமாச்சு,” என்று கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த ஆடு எங்கே போனது என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் பக்கத்து மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் அந்தப் படிப்பைப் பற்றி அதற்குப் பிறகுதான் கேட்டேன். முன்னாலேயே கேட்டிருக்கலாம். “அத முடிச்சிட்டு வந்தீன்னா எங்க டிபார்ட்மெண்ட்ல வாசல்ல கூட நிறுத்தமாட்டாங்கம்மா,” என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். பால் சொசைட்டியில் மாட்டுக்குக் காளையில்லாமல் சினை பிடிக்கவைக்கிற சினை ஊசி போட ஆள் தேடுகிறார்கள், எடுத்தால் அவர்களே பயிற்சிக்கு அனுப்புவார்கள், வெறும் ஊசியோடு நிற்காது, முதலுதவி, தடுப்பூசி, மடிநோய் எல்லாம் சொல்லித்தருவார்கள் என்றார். அன்றிரவே அப்பாவிடம் சொல்லி அந்தப் படிப்பை நிறுத்திக்கொண்டு, காலையில் அண்ணன் பைக்கில் சொசைட்டிக்குப் போனேன்.

செயலாளர் பாலுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

“தம்பி, பொம்பளப் புள்ளைக்கு இது தோதுப்படாதுங்க. காலையில அஞ்சு மணிக்கு ஒரு வூட்லருந்து கூப்புடுவாங்க, மத்தியானம் காட்டுக்குள்ளருந்து கூப்புடுவாங்க. வண்டியில தனியா போவணும்.”

“நான் போவங்க,” என்றேன்.

“நீ என்ன தம்பி படிச்சிருக்க?” இது அண்ணனுக்கு.

“ப்ளஸ் டூங்க. பாலிடெக்னிக் பாதியில...”

“அது போதுமே. வண்டி ஓட்டறல்ல? நீ போறியா?”

அண்ணன் என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரே ஒரு வார்த்தைதான் அவன் சொல்லியிருக்க வேண்டும். “யோசிச்சி சொல்றங்க,” என்றான்.

வழியெல்லாம் பைக்கின் பின்னால் உட்கார்ந்து அவன் முதுகோடு சண்டை போட்டேன்.

“எனக்குக் கேக்கப் போயி நீ வாங்கிட்டு வரியா?”

“நான் கேட்டனா? அவரா கேட்டாரு.”

“மாட்டேன்னு சொல்ல வாயில்லியா? சாணி மிதிச்சா வாந்தி எடுக்கற ஆளு நீ.”

“யோசிக்கறன்னுதான சொன்னன். ஒத்துக்கிட்டனா?”

யோசிக்கிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். சும்மா கிடக்கிற பையனுக்குத் தானாக வருகிற வழியை எதற்காக விட வேண்டும் என்பது அவர் கணக்கு. அம்மா என்னைச் சமாதானப்படுத்த, “ரெண்டு பேர்ல யாரு போனா என்ன, நம்ம வூட்டுக்குத்தான,” என்றாள். அண்ணன் பயிற்சிக்குப் போனான். முதல் வாரமே போன் செய்து, தோள்வரை கையுறை மாட்டி மாட்டின் பின்பக்கம் கையை விடச் சொல்கிறார்கள் என்று புலம்பினான். எனக்குப் பரிதாபம் வரவில்லை. ஆனால் மாடு முரண்டு பிடித்தால் வாலை எப்படித் தூக்கிப் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் நின்றால் உதை விழாது என்று சொல்லிக்கொடுத்தேன். மாடு என்ன பாவம் செய்தது.

இதில் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல், அவன் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டான் என்பதுதான். ஒரே வருடத்தில் சுற்று வட்டாரத்தில் அவனைத்தான் கூப்பிட்டார்கள். சோம்பேறியாகவே இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டிக்கொண்டாவது இருந்திருப்பேன்.

இதற்கிடையில் ஓசூரில் ஒரு பெண் டாக்டர் நடத்தும் செல்லப்பிராணி கிளினிக்குக்கு உதவியாள் தேவை என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியனுப்பினார். அண்ணன் அவன் மாடுகளோடு வேலையாக இருந்ததால் துணைக்கு வர ஆளில்லை. அப்பாவின் நிபந்தனை அதோடு காலாவதியானது. தனியாகப் பஸ் ஏறினேன்.

“நாய்னா பயமா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“மாடுதாங்க பழக்கம்.”

“இங்க மாடு வராதும்மா. பரவாயில்லையா?”

பரவாயில்லை என்றேன். பொய்தான் சொன்னேன்.

முதல் ஆறு மாதம் நாய் குளிப்பாட்டினேன், கூண்டு கழுவினேன், கடி வாங்கினேன். பிறகு டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் பழக்கினார். நாயின் முன்னங்காலில் முடி வழித்து நரம்பு பிடிப்பது, ஆபரேஷன் கருவிகளைக் ஆவிப் பெட்டியில் போட்டுக் கிருமி நீக்குவது, மயக்கத்தில் இருக்கிற நாயின் ஈறு நிறத்தையும் மூச்சையும் பார்த்துக்கொண்டே இருப்பது. பார்வோ என்கிற வாந்திபேதி நோய் வந்த குட்டிகளோடு உட்கார்ந்து, இரண்டு பிழைத்து மூன்றாவது செத்தால் வளர்க்கிறவர்களுக்கு எப்படிச் சொல்வது என்பது. கன்னடம் அரைகுறையாக வந்தது. அபார்ட்மெண்ட்காரர்களின் ஆங்கிலமும் புரிய ஆரம்பித்தது. நான் தேடியலைந்த படிப்பு இதுதான் என்று மெதுவாகத்தான் உறைத்தது. ஆனால் நான் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள எந்த அத்தாட்சியும் இல்லை.

இரண்டு வருடம் கழித்து அதற்கும் ஒரு வழி வந்தது. அனுபவத்தில் வேலை கற்றவர்களுக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருகிற அரசுத் திட்டம் ஒன்று இருப்பதாக டாக்டரம்மா கண்டுபிடித்து என் பெயரைப் பதிந்துவிட்டார். பாடத்தைத் திறந்து பார்த்தால் அதில் நாய் ஒரு பக்கம்கூட இல்லை. எல்லாம் மாடு, ஆடு, கோழி. செய்முறைத் தேர்வுக்கு நிறுத்தப்போவதும் கறவை மாடு. பள்ளி முடித்த நாளில் இதைக் கொடுத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பேன். இப்போது கை நாய்க்குப் பழகிவிட்டது.

லீவு போட்டு ஊருக்குப் போனேன். அண்ணன்தான் சொல்லித்தந்தான். வேறு யாரிடம் போவது? எங்கள் கொட்டகையில், எங்கள் மாட்டின் முன்னால் போய்ப் பழக்கதோஷத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினேன், முகர்ந்து பார்க்கட்டும் என்று.

“அது இன்னா நாயா, மோந்து பாக்க? எழுந்திரு. பக்கவாட்டுல வா. மொதல்ல மேல கைய வை, நீ வரன்னு அதுக்குத் தெரியட்டும்.”

“இத உனக்குச் சொல்லிக் குடுத்ததே நானு.”

“சொல்லிக் குடுத்தவ மறந்துட்டு நிக்கற. தாடையப் பிடி. தலைய ரொம்பத் தூக்காத, மருந்து பொறை ஏறிடும்.”

நாலு நாள் இந்தக் கொடுமை. அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் தாங்கவில்லை. கடைசி நாள் மாலை மடியைப் பிழிந்து பாலில் மடிநோய்த் திரி இருக்கிறதா என்று பார்த்துக் காட்டியபோது, “ம், பாஸாயிடுவ,” என்றான். அவன் கையிலும் பேண்டிலும் சாணம். அதைத் துடைக்கக்கூடச் செய்யாமல், வேலி ஓரம் நின்று டீ குடித்தான்.

பரீட்சை எடுக்க வந்தவர் என் விவரத்தைக் கேட்டுவிட்டு, “நீங்க நாய் ஆஸ்பத்திரியிலதான இருக்கீங்க, எதுக்கு இதுல வந்தீங்க?” என்றார்.

“இத வுட்டா வேற பரீட்ச இல்லைங்க சார்.”

அவர் மாட்டைக் காட்டினார். பக்கவாட்டில் போனேன். பாஸானேன்.

அந்தச் சான்றிதழோடு அரசு வேலைக்குப் போக முடியுமா என்று விசாரித்ததில், அதற்கு வேறு டிப்ளமோ வேண்டுமாம். அதில் சேர்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டதாம். அந்த டிப்ளமோவைப் பற்றி ப்ளஸ் டூ முடித்த வருடம் ஒரு ஆள்கூட என்னிடம் சொல்லவில்லை. இதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்காது.

ஓசூர் கிளினிக்கில் இப்போது ஆபரேஷன் அறை என் பொறுப்பு. போன வாரம் ஒருவர் வாந்தியும் பேதியுமாக இருந்த ஒரு லாப்ரடாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். டாக்டரம்மா வேறு ஆபரேஷனில் இருந்தார். நான் மேஜையில் படுக்கவைத்து முடி வழிக்க ஆரம்பித்தேன்.

“நீங்க டாக்டரா?”

“இல்லைங்க சார். நர்ஸு.”

“நாய்க்கு நர்ஸா? அப்படி ஒரு படிப்பு இருக்கா? எங்க படிச்சீங்க?”

நாய்க்கு ஈறு வெளுத்திருந்தது. தோலை இழுத்துவிட்டால் திரும்பப் படிய நேரமெடுத்தது, உடம்பில் நீர் வற்றியிருந்தது. சொல்ல ஆரம்பித்தால் அன்றைக்கு முடியாது.

“காலக் கொஞ்சம் பிடிங்க சார்,” என்றேன். பிடித்தார். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. டிரிப்ஸை ஓடவிட்டேன்.