கண்டக்டர் மகளின் அழுகை

அவர் டவுன் பஸ் கண்டக்டர். யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டுவார். மகள் பிறந்ததும் புதுச் சரக்கு ஒன்று கிடைத்தது. குழந்தை அழுதால் பூனைக்குட்டி கத்துவது போலவே இருக்கும். நெரிசலில் 'எங்க வீட்டுப் பூனைக்குட்டி' என்று அதை அவர் எடுத்துவிட்டால், ஒற்றைக் காலில் தொங்குகிறவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏங்க, இவ பாலே சரியா குடிக்கமாட்டேங்கறா. அழுகையும் என்னவோ போல இருக்கு. டாக்டர்கிட்ட காட்டலாங்க."

"உங்க வீட்டுல எல்லாருக்கும் கீச்சுக் குரல்தானே? உங்க அக்கா போன்ல பேசினா நான் காதைப் பொத்திக்கல?" என்று தட்டிக்கழித்தார்.

தடுப்பூசிக்குப் போன அன்று குழந்தையின் எடை ஏறியிருக்கவில்லை. தலையும் சிறியதாக இருந்தது. ஊசி குத்தியதும் அழுதாள். டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது.

"பிறந்ததிலேர்ந்து இப்படித்தான் அழறாளா?"

"ஆமாங்க" என்றாள் மனைவி. கண்டக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தம் பெரிய ஆய்வகத்துக்குப் போய், சில வாரம் கழித்து முடிவு வந்தது. ஐந்தாவது குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை.

"ரொம்ப அபூர்வமான குறைபாடு. அந்த அழுகைதான் முதல் அடையாளம். உட்கார்றது, நடக்கிறது, பேசுறது எல்லாமே தாமதமாகும். பயிற்சியை உடனே ஆரம்பிக்கணும்" என்றார் டாக்டரம்மா. பெற்றோர் ரத்தத்தையும் பார்த்தார்கள். இருவரிடமிருந்தும் வரவில்லை, தானாக நேர்ந்தது. "யார் மேலயும் தப்பில்ல."

மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவருக்கு அந்த வார்த்தை உள்ளே இறங்கவில்லை. பஸ் பஸ்ஸாகச் சிரிக்க வைத்தது யார்?

அதன்பிறகு குரல் காட்டுவதை நிறுத்தினார். கேட்டவர்களிடம் தொண்டை கட்டிவிட்டது என்று மழுப்பினார்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போகிற வழக்கமான பஸ்ஸைத் தவறவிட்டு, குழந்தையோடு மனைவி அவர் வண்டியில் ஏறினாள். உட்கார இடமில்லை. புழுக்கத்தில் குழந்தை வீறிட்டது.

"அண்ணே, உங்க வீட்டுப் பூனைக்குட்டி மாதிரியே இங்க ஒண்ணு!" என்றாள் தினமும் வருகிற கல்லூரி மாணவி. வண்டியே சிரித்தது.

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் யாரோ ஒருத்தியிடம் கேட்பது போல, "எங்கம்மா போகணும்?" என்றார். டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

படிக்கட்டுவரை போனவருக்கு உடம்பெல்லாம் கூசியது. விசில் ஊதி வண்டியை நிறுத்தினார்.

"இது என் பொண்ணுதான். அவளுக்கு இருக்கிற குறைபாட்டாலதான் அழுகை இப்படி இருக்கு. தெரியாம உங்களையெல்லாம் சிரிக்க வெச்சேன். இப்போ தெரிஞ்சும், பொண்டாட்டியை யாரோ மாதிரி..."

மாணவி தலைகுனிந்து நின்றாள். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் கண்டக்டர் குழந்தையை வாங்கிக்கொண்டு முதலில் இறங்கினார். மனைவியின் முகம் இளகவில்லை.

"வியாழக்கிழமை பயிற்சிக்கும் இதே வண்டியிலதான் வருவேன்" என்றாள், குழந்தையை வாங்கியபடி. "டிக்கெட் குடுங்க. எங்க போகணும்னு மட்டும் கேக்காதீங்க."