அப்பா சுடாத இரட்டைக்குழல்

வெடித்து முடிந்த தோட்டாவின் வாசனை இன்னும் என் மூக்கில் நிற்கிறது. அந்தக் காலத்தில் தோட்டாவின் கூடு தடித்த சிவப்புக் காகிதத்தால் ஆனது, அடியில் பித்தளைத் தொப்பி. தீபாவளிக்கு மறுநாள் காலையில் வாசலில் கிடக்கும் வெடிக் காகிதத்தின் நெடியும் கடற்கழிச் சேற்றின் உப்பு வாடையும் ஒன்றாகக் கலந்து அதிலிருந்து வரும். செம்பூரில், ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் 'சாலி'ல் இருந்த மற்றப் பெண்பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடினார்கள். நான் காலித் தோட்டாக்களை வரிசையாக நிறுத்திப் பள்ளிக்கூடம் நடத்தினேன். விழுந்துவிடும் தோட்டாவுக்கு அடி உண்டு.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினோரு வயது. அப்பா வடாலாவில் ஒரு இயந்திரப் பட்டறையில் டர்னர். கடைசல் இயந்திரத்தில் இரும்பை அளவு பிசகாமல் சீவித் தருகிற வேலை. அவர் கடைந்த தண்டை யாரும் மறுபடி அளந்து பார்ப்பதில்லை என்று பட்டறையில் பேச்சு உண்டு, அந்தப் பேச்சு அப்பாவின் காதிலும் விழுந்திருந்தது. அந்தப் பட்டறையின் ஃபோர்மேன் டிசூசா என்கிற கோவாக்காரர். குளிர்காலம் வந்துவிட்டால் ஞாயிறு மதியத்தில் டிசூசாவும் அவருடைய இரண்டு சிநேகிதர்களும் தேவ்நாரைத் தாண்டி உப்பளங்களின் பக்கம் வாத்தும் உள்ளானும் சுடப் போவார்கள், அப்பாவும் கூடவே போவார். அவர்கள் சுடுவார்கள். சுட்ட பறவை சேற்றில் விழுந்தால் முழங்கால் புதைய நடந்துபோய் எடுத்து வருவது அப்பா. ஏழு குளிர்காலம் இப்படிப் போயிற்று.

மாலையில் அவர் பங்காக இரண்டு மூன்று பறவைகள் கிடைக்கும். அவற்றை எங்கள் வீட்டில் சமைக்க முடியாது. கீழ்த்தளத்தில் இருந்த, கறி சாப்பிடாத பாலக்காட்டுக் குடும்பத்தார் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், ஆனால் அப்பா பறவைகளோடு வாசலில் நுழைந்தாலே ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துவார்கள், சாத்தும் சத்தத்தை அம்மா அடுப்படியில் நின்று எண்ணிக்கொண்டிருப்பாள். ஆகவே பறவைகள் மாவுப் பையில் ஏறி, பஸ்ஸில் தாராவிக்குப் போகும். அங்கே தோல் கிடங்கில் வேலை பார்த்த என் மாமா, அம்மாவின் தம்பி, மிளகு அரைத்துப்போட்டு வைக்கும் குழம்புக்கு நாங்கள் குடும்பத்தோடு போய்ச் சேர்வோம்.

தனக்கென்று ஒரு துப்பாக்கி வேண்டும் என்று அப்பா வாய்விட்டுச் சொன்னதில்லை. சாலின் நடையில் நின்று, பறக்கும் காக்கையின் பின்னாலேயே மடக்கிய குடையை மெல்லத் திருப்பிக்கொண்டு போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், பார்த்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. சேற்றில் இறங்கி எடுத்து வருகிறவராக இல்லாமல், கரையில் நின்று சுடுகிறவராக ஒரு நாளாவது இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த வருடம் விண்ணப்பித்து, நடையாய் நடந்து, லைசென்ஸ் வாங்கிவிட்டார். குறிப்பிட்ட நாளுக்குள் துப்பாக்கியை வாங்கிக் காட்டிப் பதிய வேண்டும், தவறினால் லைசென்ஸ் போய்விடும். கையில் இருந்த போனஸ் பணத்துக்கு ஒரே ஒரு துப்பாக்கிதான் வரும், அதுவும் யோசித்து வாங்கினால்.

யோசனைக்கு வந்தவை மூன்று. முதலாவது, மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் வசாயில் வைத்திருந்த பழைய கெட்டிக்கும் துப்பாக்கி. தோட்டாவே வேண்டாம், வாய் வழியாக வெடிமருந்தையும் ஈய ரவையையும் போட்டுக் குச்சியால் இடித்து இறுக்க வேண்டும். சல்லிசான விலை, சல்லிசான செலவு, ஆனால் ஒரு வெடி வெடித்து அடுத்ததற்குத் தயாராவதற்குள் வாத்துக்கூட்டம் தாணாவைத் தாண்டிப் போயிருக்கும். இரண்டாவது, கோட்டைப் பகுதிக் கடையில் புதிதாகக் கிடைத்த உள்நாட்டுத் தயாரிப்பு ஒற்றைக்குழல். உறுதியான எஃகு, எந்தத் தோட்டாவையும் தாங்கும், எடை குறைவு, சேற்றில் தூக்கிக்கொண்டு நடக்கலாம். குறை ஒன்றுதான்: பாங்க் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் கையில் இருப்பதும் அதேதான்.

மூன்றாவது டிசூசாவின் இரட்டைக்குழல். அவருக்குக் கண்ணில் புரை விழுந்து, ஓய்வு பெற்றுக் கோவாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கென்றால் புது ஒற்றைக்குழலின் விலைக்கே தருவதாகச் சொன்னார். இங்கிலாந்தில் செய்தது, அவருடைய அப்பா காலத்துச் சாமான். இரும்புப் பட்டைகளை முறுக்கிப் பற்றவைத்துச் செய்த குழல் என்பதால் மேலெல்லாம் கோரைப்பாய் பின்னியதுபோல் வரி ஓடும். உள்ளான் கோணல்மாணலாகப் பறக்கிற பறவை, முதல் வெடி தவறினால் கைமேல் இரண்டாவது வெடி வேண்டும். ஒரு குழலில் உள்ளானுக்கு எட்டாம் நம்பர் பொடி ரவையும், மற்றதில் வாத்துக்கு நாலாம் நம்பரும் போட்டுக்கொண்டால் எது எழும்பினாலும் சமாளிக்கலாம். இடக்குழலின் வாய் சற்று ஒடுங்கியிருந்ததால் அதில் போகும் ரவை தூரம்வரை சிதறாது. இதையெல்லாம் அப்பா எங்களுக்குச் சோறு பிசைந்துகொண்டே விளக்குவார். பழைய குழல் என்பதால் புது மருந்தின் வேகத்தை எவ்வளவு தாங்கும் என்பதுதான் கேள்வி.

மாமா ஒற்றைக்குழல் கட்சி. "ஒத்தக் கொழலு போதும் அத்தான். மொத வெடியில விழாதது ரெண்டாவதுல விழவா போவுது? தோட்டாதான் தெண்டம்" என்றார். அம்மாவுக்குத் துப்பாக்கியே வேண்டாம், ஆனாலும் கேட்டாள்: "சுடுததுக்கு ஒரு கொழலு, பெருமைக்கு ஒரு கொழலாக்கும்?" அப்பா லைசென்ஸ் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் முடிவெடுத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

ஆனாலும் அளக்காமல் வாங்குகிறவர் இல்லை. அடுத்தவர் லைசென்ஸில் இருக்கும் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பதால், ஞாயிறு காலையில் டிசூசாவும் மனைவியும் பூசைக்குப் போகிற நேரத்தில் அவர்கள் வீட்டுப் பின்தாழ்வாரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள அனுமதி வாங்கினார். என் எழுத்து குண்டுகுண்டாக இருக்கும் என்று என்னையும் அழைத்துப் போனார், நான்தான் கணக்கெழுதி. சுவரின் கனத்தை அளக்க நீளக் கால்கள் வைத்து அவரே செய்த கேலிப்பரைக் குழலுக்குள் விட்டு, அங்குலத்துக்கு ஒரு அளவு சொல்லச் சொல்ல, என் நோட்டில் எழுதினேன். ஒரு அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால் வருவதைப் பட்டறையில் 'தௌ' என்பார்கள். குழலின் சுவர் மெல்லியதாக இருந்த இடத்தில் இருபத்திரண்டு தௌ இருந்தது.

"ஏட்டி, இருவதுக்குக் கீழ போயிட்டுன்னா கொழலு கையிலயே வெடிச்சிரும், பாத்துக்கோ. இது இருவத்திரண்டு. போதும்" என்றார்.

அன்றே விலை பேசி முடித்திருக்கலாம். அவர் குழலைத் தூக்கி ஆகாயத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். எனக்கும் காட்டினார். உட்சுவரெங்கும் அம்மைத் தழும்புபோல் துருப்பிடித்த குழிகள். உப்புக்காற்றில் ஐம்பது அறுபது வருடம் இருந்த இரும்பு வேறெப்படி இருக்கும், சுடுவதற்கு அந்தக் குழிகளால் ஒன்றும் கெட்டுவிடாது என்று டிசூசாவே சொல்லியிருந்தார். ஆனால் டர்னர் கண்ணுக்கு அது ஆகவில்லை. சொரசொரப்பான இரும்பைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அப்பாவால் முடியாது. பஸ் கைப்பிடியில் பிசிறு இருந்தால்கூட விரலால் தடவிக்கொண்டே வருவார்.

அடுத்த ஞாயிறு ஈயத்தை உருக்கிக் கம்பியில் வார்த்த ஒரு கட்டையும், எண்ணெயில் குழைத்த, சாணைபிடிக்கும் குருந்தப் பொடியும் கொண்டுபோனார். குழலுக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்தார். நான் எண்ணெய் ஊற்றினேன், கந்தல் துணி கொடுத்தேன். ஐந்து ஞாயிறுகள். குழி குறையக் குறைய அவருக்கு உற்சாகம் கூடியது, பாட்டுக்கூடப் பாடினார். இவ்வளவு நாளும் ஒரு தடவையும் கேலிப்பரை வெளியே எடுக்கவில்லை. பட்டறையில் ஒரு பையன் இப்படிச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பார். ஐந்தாவது ஞாயிறு இரண்டு குழலும் கண்ணாடிபோல் இருந்தன, உள்ளே ஒளி வளையம் வளையமாக ஓடியது. அப்போதுதான், சும்மா ஒரு திருப்திக்காக, அளந்தார்.

முதலில் எழுதிய எண்களுக்குப் பக்கத்திலேயே என்னை எழுதச் சொன்னார். மெல்லிய இடத்தில் பதினேழு. இருபது என்ற கணக்கு எனக்கும் தெரியும். அப்பா நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எவ்வளவு போயிருக்கு, கழிச்சுச் சொல்லு" என்றார். ஐந்து என்றேன். "இன்னொரு மட்டம் கழிச்சுப் பாரு" என்றார். இரண்டாம் தடவையும் ஐந்துதான் வந்தது. இரும்பில் சீவி எடுத்ததைத் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்.

அந்த நேரம் பார்த்து டிசூசா பூசை முடிந்து வந்தார். குழலை வாங்கி, புரை விழாத கண்ணால் பார்த்துவிட்டு, தன் அப்பா வாங்கிய அன்றுகூட இது இப்படி இருந்திருக்காது என்று இந்தியில் சொல்லி அப்பாவின் தோளைத் தட்டினார். இதைப் பார்த்தால் எவனும் இருமடங்கு விலை கொடுப்பான், ஆனாலும் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்றார். அப்பா எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அன்று சாயங்காலம் தாராவியில் மாமா வீட்டில் விஷயம் வெளிவந்தது. லைசென்ஸ் கெடு முடிய ஒரு வாரந்தான் இருந்தது. "சத்தங்காட்டாம திருப்பிக் குடுத்துட்டு, கடையில ஒத்தக்கொழலு ஒண்ணு வாங்கிருங்க அத்தான். அவரு வேற எவனுக்காவது வித்துட்டுப் போறாரு" என்றார் மாமா.

"அந்த எவனுக்கும் கை இருக்குல்லா" என்றார் அப்பா.

"அப்பம் உள்ளதச் சொல்லிருங்க. அவரு என்ன தூக்குலயா போடப் போறாரு" என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "இருவது வருசமா எங்கிட்ட எவனும் திரும்ப அளந்து பாத்ததில்ல" என்று மட்டும் சொன்னார். அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. சொல்லிவிட்டால் முடிந்துபோகிற ஒன்றுக்கு இவ்வளவு பெரிய மனிதர் இப்படி உட்கார்ந்திருக்கிறாரே என்று. அந்த வயதில் சொல்லிவிடுவது சுலபமாகத்தான் தெரியும்.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, அந்த இரட்டைக்குழலையே முழு விலை கொடுத்து வாங்கி, தன் பெயரில் பதிந்துகொண்டு வந்தார். தோட்டா வாங்கவில்லை. டிசூசா கோவாவுக்குப் போய்விட்டார். அந்தக் குளிர்காலம் மீதி இருந்த இரண்டு சிநேகிதர்களோடு அப்பா இரண்டு ஞாயிறு உப்பளத்துக்குப் போனார், துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கரையில் நின்றார். ஏன் சுடவில்லை என்று கேட்டார்களாம், பறவை தூரத்தில் போயிற்று என்றாராம். மூன்றாவது ஞாயிறு போகவில்லை. கீழ்த்தளத்து ஜன்னல்கள் திறந்தே இருந்தன. எழுபதுகளில் சட்டம் வந்து வேட்டை நின்றபோது அப்பாவின் முகத்தில் நான் கண்டது நிம்மதிதான். இனி யாரும் ஏன் சுடவில்லை என்று கேட்க மாட்டார்கள்.

நான் இப்போதும் செம்பூரில்தான் இருக்கிறேன். உப்பளத்தின் பெரும்பகுதியை மண் கொட்டி மூடிவிட்டார்கள், அதன்மேல் கட்டடங்களும் பாலமும். மிச்சமிருக்கும் சேற்றில் பூநாரைகள் வருகின்றன என்று காமிராவோடு ஆட்கள் போகிறார்கள். உள்ளானை நான் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று நினைவில்லை. அம்மாவும் மாமாவும் போய்விட்டார்கள். அப்பா இறந்த மறு வருடம், வாரிசு என்ற முறையில் துப்பாக்கியை ஒப்படைக்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என்ன பளபளப்பு, இதை ஏலத்தில் விட்டால் போட்டி போட்டு எடுப்பார்கள் என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏலத்தில் விடாதீர்கள், சுவர் மெலிந்த குழல், சுட்டால் வெடித்துவிடும், அறுத்துப் போட்டுவிடுங்கள் என்றேன். எழுதித் தரச் சொன்னார், அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அளந்தது யார் என்று கேட்டார். என் அப்பா, டர்னர் என்றேன். அப்படியானால் தெரிந்தே ஏன் வாங்கினார் என்று கேட்டார்.

வேறு யாரும் வாங்கிவிடக் கூடாது என்று, என்றேன். அவர் தலையாட்டி அதையும் எழுதச் சொன்னார். அது பொய்யில்லை. கெடுத்தவரும் அவர்தான் என்பதைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அப்பாமேல் எனக்கு அத்தனை வருடமாக இருந்த கோபம் அன்று பஸ்ஸிலேயே போய்விட்டது. விஷயம் தெரிந்தவர்களில் நான் ஒருத்திதான் மீதி, இன்றுதான் சொல்கிறேன்.