பூவரசங்குளத்தில் ஒரு சத்தியமும் அதை மீறிய அக்காவும்

மன்னார் வீதிப் பயணம் பற்றி விசாரித்த வாசகர் ஒருவர், "நீங்கள் முதன்முதலில் வன்னிக்குப் போனது எப்போது?" என்றும் கேட்டிருந்தார். குளம், பறவை, படம் என்று எதையாவது எதிர்பார்த்திருப்பார். மன்னிக்க வேண்டும். நான் முதன்முதலில் வவுனியாவில் இறங்கியது என் அத்தானின் குடியை நிறுத்துவதற்காக. அறுபதுகளின் தொடக்கம், ஆவணி மாதம். எனக்கு வயது இருபத்திரண்டு. யாழ்ப்பாணத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்து ஆறு மாதம். உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்பியிருந்த வயது.

அக்காவும் அத்தானும் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, சின்னப் பிள்ளைகளோடு பூவரசங்குளத்துக்கு அப்பால் போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. அத்தான் நல்ல உழைப்பாளி. காட்டை வெட்டி வயலாக்கினார். ஆனால் சொந்தபந்தம் இல்லாத இடம், அடிக்கடி காய்ச்சல், ஒரு போகம் முழுவதும் தண்ணீரில்லாமல் கருகியது. பின்னேரங்களில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் பழகினார். பிறகு காலையிலும். இரண்டு தடவை குளக்கட்டில் விழுந்து கிடந்தவரை அயலார் தூக்கிவந்தார்கள் என்று அக்கா கடிதம் எழுதியதும், ஒரு கிழமை லீவு போட்டேன்.

யாழ்ப்பாணத்தில் காலை ஆறு மணிக்கு ரயில். மூன்றாம் வகுப்பு, மூன்று ரூபாய் அறுபது சதம். ஆனையிறவில் முகத்தில் அடித்த உப்புக் காற்றும், மாங்குளம் தாண்டியும் முடியாத காடும் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கின்றன. பத்தரைக்கு வவுனியா. ஸ்டேஷன் வாசலில் ஒரு தேநீரும் இரண்டு வடையும் முப்பது சதம். அப்படியொரு வடையை நான் பிறகு சாப்பிடவேயில்லை. பன்னிரண்டு மணி பஸ்ஸில் பத்து மைல், ஐம்பது சதம். இறங்கிப் பாலை மர நிழலில் இரண்டு மைல் நடை. அந்த நடைக்காகவே இன்னொரு தடவை இருபத்திரண்டு வயதாக வேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அத்தானைக் குளிக்கவைத்து, அக்காவையும் சேர்த்துக் குளத்தடிக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும் என்றேன். சும்மா சத்தியம் செய்தால் மீறிவிடுவார் என்று எனக்குப் பயம். அதனால் வாசகத்தையும் நானே சொல்லிக்கொடுத்தேன். "இனித் தொட்டால் என்ரை மனிசி உயிரோடை இருக்கமாட்டா." அத்தான் திரும்பி அக்காவைப் பார்த்தார். பிறகு அப்படியே சொல்லி, உள்ளங்கையால் சுடரை அணைத்தார். நான் ஏதோ போரில் வென்றவன் போலத் தலை நிமிர்ந்து நடந்தேன்.

அவர் ஒரு சொட்டும் தொடவில்லை. ஞாயிறு காலை தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாதபடி கை நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்வை. வேலியில் பாம்பு தொங்குகிறது, அடி அடி என்று கத்தினார். பிறகு வலிப்பு வந்தது. காட்டில் ஏதோ பேய் பிடித்துவிட்டது, கழிப்புக் கழித்து ஓட்டவேண்டும் என்று அயலார் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். சந்தியில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு பழைய ஒஸ்ரின் கார் பிடித்தோம்.

"எங்கை போறது தம்பி?" என்றார் சாரதி.

"கழிப்புக் கழிக்கிறவர் வீட்டை."

அவர் பின்னால் எட்டி அத்தானைப் பார்த்தார். "எத்தினை நாளா நிப்பாட்டினவர்?"

"மூண்டு நாள்."

"பேயுமில்லை, பிசாசுமில்லை. என்ரை தமையனும் இப்பிடித்தான் நடுங்கிச் செத்தவர். நான் ஆசுப்பத்திரிக்குத்தான் விடுவன். விருப்பமில்லையெண்டால் இறங்குங்கோ."

நாங்கள் இறங்கவில்லை. அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வைத்தியசாலையில் வயதான அப்போதிக்கரி ஒருவர் இருந்தார். டொக்டருக்கு அடுத்தபடியாக மருந்து கொடுப்பவர். நாடியைப் பிடித்தபடி, "ஒரேயடியா நிப்பாட்டச் சொன்னது ஆர்?" என்று கேட்டார்.

"நான்தான் ஐயா."

"நல்ல வேலை பாத்திருக்கிறீர்," என்றார். பிறகு மருந்து அலுமாரியைத் திறந்து சிறிய கிளாஸில் கொஞ்சம் பிராந்தி ஊற்றினார். "இப்ப இது உள்ளை போகவேணும். இன்னொரு வலிப்பு வந்தால் ஆள் தாங்காது."

அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டார். அவ்வளவு நடுக்கத்திலும் நினைவு இருந்தது. "மாட்டன். அவ செத்துப்போவா," என்றார். அப்போதிக்கரி சொல்லிப் பார்த்தார். நான் காலைப் பிடித்துக் கெஞ்சினேன். வாயைத் திறக்கவில்லை.

அக்கா என்னைத் தள்ளிவிட்டு கிளாஸை வாங்கினார். "இஞ்சாருங்கோ. சத்தியம் ஆற்றை தலையிலை செய்தனீங்கள்? என்ரை தலையிலை. அது என்ரை தலை. நான் சொல்லுறன், குடியுங்கோ."

அத்தான் அழுதுகொண்டே குடித்தார். நான் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து அழுதேன்.

ஒன்பது நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அப்போதிக்கரி அக்காவிடம் மிக்ஸர் மருந்து ஊற்றும் வெறும் போத்தல் ஒன்றைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் மருந்துப் போத்தலில் வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, பல் பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருக்கும். "முழுக்க விட்டால் சந்தோஷம். முடியாமல் போனால் கசிப்பு மட்டும் வேண்டாம். லைசென்ஸ் தவறணைச் சாராயம், சோத்துக்குப் பிறகு, பின்னேரம் இந்தப் போத்தலாலை ஒரு பல்லு. நீங்கள் தனியக் காவல் இருக்காதையுங்கோ, அயலைக் கூப்பிடுங்கோ," என்றார். அயலார் வந்தார்கள். பேய் என்று சொன்ன அதே ஆட்கள்தான். பின்னேரமானால் முறைவைத்து ஒரு வீட்டிலிருந்து ஒருவர் அத்தானோடு இருந்து சாப்பிட்டு, விதைநெல், மழை, யானை என்று கதைத்துவிட்டுப் போவார். புத்திமதி சொல்ல வருகிறவர்களை அக்கா வாசலிலேயே திருப்பிவிடுவார்.

அத்தான் முழுதாக விட்டாரா? இல்லை. அந்த ஒரு பல்லோடு இருபத்து மூன்று வருடம் வாழ்ந்து, வயல் செய்து, இரண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் பார்த்துத்தான் போனார்.

இனிப் போகிறவர்களுக்கு. வவுனியாவிலிருந்து மன்னார் வீதி பஸ் சுலபமாகக் கிடைக்கும். ஆவணியில் போனால் தொப்பியும் தண்ணீரும் அவசியம். உங்கள் பயணமும் என்னுடையதைப் போன்றதென்றால், அதாவது ஒருவரின் குடியை நிறுத்தப் போகிறீர்கள் என்றால், கோயிலுக்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெடுநாள் குடித்தவரைச் சட்டென நிறுத்தவைத்தால் உயிர் போகலாம். போத்தல் அளவெல்லாம் நீங்களாகச் செய்யவேண்டாம். இன்று அதற்கு நல்ல மருந்து இருக்கிறது.

அத்தான் போன பிறகு ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். "அந்தச் சத்தியத்தை நீ நம்பயில்லைத்தானே?"

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நம்பாமல்? அந்தப் பிராந்தியைக் குடுத்த கிழமையே மூத்தவளுக்குச் சோறு வடிக்கப் பழக்கினனான். எட்டு வயசு அவளுக்கு."