கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல்

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் நான் ஆய்வக உதவியாளர். இன்று மாணவர்களின் செமினார். மேடையில் மைக் கீச்சென்று அலறியதும் அப்பாவின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்பா மில்லில் தறி ஓட்டியவர். அந்த இரைச்சலில் அவர் காது பாதி போயிருந்தது. எங்கள் வீட்டில் சோறு வேண்டுமென்றாலும் கத்தித்தான் கேட்போம். எனக்கு அது கத்தலாகவே தெரியாது.

எண்பதுகளில் பி.எஸ்சி. படித்தபோது ஒளிவிலகலைப் பற்றி வகுப்பில் பேச வேண்டியிருந்தது. ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, சட்டையில் பஞ்சும் எண்ணெய் வாடையுமாக என் எதிரே உட்கார்ந்தார். நான் இங்கிலீஷில் பேசி முடிக்கும்வரை என் வாயையே பார்த்தார்.

“ஒண்ணும் புரியல பாப்பா. ஆனா ஒரு வார்த்த விடாம கேட்டுச்சு. இப்படியே பேசு!”

மறுநாள் அப்படியே பேசினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே வகுப்பு சிரித்தது.

“இங்க யாரும் செவிடு இல்லம்மா,” என்றார் பேராசிரியர்.

பாதியில் உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

“எல்லாருக்கும் கேட்டுச்சா பாப்பா?”

தலையாட்டினேன்.

அதன் பிறகு நான் குரலை உயர்த்தவே இல்லை. வாய் திறக்கத் தேவையில்லாத வேலையாகப் பார்த்துச் சேர்ந்தேன். வீட்டிலும் மெதுவாகவே பேசினேன். அப்பா சாகும்வரை என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையிலிருக்கும் மாணவி மைக்கைத் தட்டிவிட்டு, பின்சுவரோரம் நிற்கும் என்னிடம் கேட்கிறாள்: “மேடம், கடைசி வரிசைக்குக் கேக்குதா?”

தலையாட்டுகிறேன்.