ஐயரம்மா பார்க்கப் போன கொலைகாரன்

ரேடியோவுல ஒரு கொலைகாரன் பேசினதைக் கேட்டுத்தான் எனக்குப் புத்தி வந்துச்சுன்னா நீங்க சிரிப்பீங்க. தாராளமா சிரிங்க. விவரம் தெரிஞ்ச நாளா ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாம கோயிலுக்குப் போனவ நான். எத்தனையோ நல்ல பிரசங்கம் கேட்டிருக்கேன், கண்ணுல தண்ணி விட்டிருக்கேன். ஆனா வீட்டுக்கு வந்து கொழம்பு கூட்டும்போது அதெல்லாம் மறந்து போயிடும். அந்தக் கொலைகாரன் மட்டும் மறக்கல.

அறுபதுகள்ல நாங்க சிதம்பரத்துல குடியிருந்தோம். நான் மிஷன் ஸ்கூல்ல ரெண்டாங்கிளாஸ் டீச்சர். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில கிளார்க் வேலை. எங்க தெருவுக்கு மொத ரேடியோ எங்க வீட்டுலதான் வந்துச்சு. திருகி விட்டா அது சூடேறிப் பேச ஆரம்பிக்கவே ரெண்டு நிமிஷம் ஆவும். அதுக்கு உறை தச்சு, உறையில பூ வேலை பண்ணி, வர்றவங்க கண்ணுல படுற மாதிரி கூடத்துல வச்சிருந்தேன். என் பெருமைக்குக் கேக்கணுமா!

புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்க வீட்டுக் கூடத்துல பெண்கள் ஜெபக்கூட்டம். எங்க சபையில பாஸ்டரை ஐயர்னுதான் சொல்லுவோம், அவரு சம்சாரம் ஐயரம்மா. ஐயரம்மாதான் கூட்டத்தை நடத்துவாங்க. பாட்டு முடிஞ்சதும் ஒரு நீள நோட்டைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, "ஜெபக் குறிப்பு இருந்தா சொல்லுங்கம்மா"ன்னு கேப்பாங்க. உடம்பு சரியில்லாதவங்க, பிள்ளை இல்லாதவங்க, பரீட்சை எழுதுறவங்க எல்லாருக்கும் பேரு சொல்லி எழுதிக்குவாங்க. ஆனா தப்புத்தண்டா பண்ணவங்க சமாச்சாரம்னா மட்டும் பேரு கேக்க மாட்டாங்க. "ஒரு சகோதரன்", "ஒரு மகள்" அவ்வளவுதான். ஆண்டவருக்குத் தெரியும், நமக்கெதுக்குன்னு ஐயரம்மா வச்ச வழக்கம் அது. வம்பு பேசாம ஜெபம் பண்றதுக்கு நல்ல வழிதான், நான் குத்தம் சொல்லல.

ஆறு மணிக்கெல்லாம் ஐயரம்மா கெளம்பிடுவாங்க. ஐயருக்கு ரேடியோ, சினிமா எதுவும் ஆவாது. அவுங்க தல மறைஞ்சதும் நாங்க அஞ்சாறு பேரு ரேடியோவைச் சுத்தி உக்காந்துக்குவோம். ஆறரைக்கு வாரா வாரம் ஒரு நாடகம் வரும். கம்பவுண்டர் ஒருத்தன், ஆஸ்பத்திரி மாடியில குடியிருந்த கெழவரைக் கொன்னு, கொல்லையில பொதச்சு, மேல வாழக்கன்னு நட்டுடறான். வாழ நல்லா வளந்து தாரு போடுது. பழத்தை அக்கம்பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுக்கிறான். "உன் கை ராசி கை"ன்னு தின்னுட்டு அவனைப் புகழ்றாங்க. ஐயோ, அந்த வாரம் எங்க யாருக்கும் சோறு எறங்கல!

கொலையை விட எனக்கு ஒரு சத்தந்தான் பயமா இருந்துச்சு. ஊரு ஜனம் அவனை நல்லவன் வல்லவன்னு சொல்லிட்டுப் போனதும், அவன் உள்ள வந்து கதவைச் சாத்துவான். அப்புறம் பேச்சே இருக்காது. மூச்சு வாங்குற சத்தம் மட்டும் கேக்கும். மத்தவங்க எல்லாம் "ச்சீ, பாவி"ன்னு திட்டுவாங்க. எனக்கு அந்த மூச்சு தெரியும். நானும் அப்படித்தான் கதவைச் சாத்திட்டு நின்னிருக்கேன்.

எனக்கு ஒரு தம்பி. கடலூர் முதுநகர்தான் எங்க ஊரு. அப்பா அம்மா சீக்கிரமே போயிட்டாங்க. அவனை இடுப்புல தூக்கி வளத்தது நான். வளந்து துறைமுகத்துல மூட்ட தூக்கிக்கிட்டிருந்தான். ஒரு நாள் டீக்கடையில வாய்ச்சண்டை முத்தி, கையில கெடச்ச துடுப்பால ஒருத்தரை மண்டையில அடிச்சிட்டான். மறுநாள் அந்த மனுஷன் செத்துப் போனாரு. தம்பிக்கு ஏழு வருஷம் கடலூர் ஜெயில்.

தீர்ப்பு வந்த அதே மாசம் வீட்டுக்காரருக்குச் சிதம்பரத்துக்கு மாத்தல் வந்துச்சு. தெரியாத ஊரு, தெரியாத ஜனம். "கூடப் பொறந்தவங்க இருக்காங்களா டீச்சர்?"னு மொத நாளே யாரோ கேட்டாங்க. "ஒரு தம்பி, மலாயாவுல இருக்கான்"னேன். யோசிச்சுச் சொல்லல, வாயில அதுவா வந்துடுச்சு. அப்புறம் அதுக்குத் தண்ணி ஊத்தி வளக்க வேண்டியதாப் போச்சு. "லெட்டர் போட்டானா?" "போட்டான், சௌக்கியமா இருக்கானாம்." ஒரு தடவை பாண்டிச்சேரியில நைலக்ஸ் புடவை ஒண்ணு வாங்கிக் கட்டிக்கிட்டு, தம்பி அனுப்பிச்சதுன்னு தெரு முழுக்கக் காட்டினேன். அன்னிக்கு வீட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்திட்டு நின்னேன் பாருங்க, அந்த மூச்சுதான் இது.

ஒரு நாளும் போயி அவனைப் பாக்கல. மூணு வருஷம். வீட்டுக்காரரு ஒரு தடவை மெதுவா, "ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வாயேன், பாவம்"னாரு. "உங்க மானம் கப்பலேறணுமா?"ன்னு அவரு மேல பாய்ஞ்சேன். அவரு மானமா அது! எல்லாம் என் மானந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கூத்து நடந்துச்சு. எங்க கூட்டத்துக்கு ஸ்கூல் போர்டிங்ல சமைக்கிற ஆயா வருவாங்க, முடிஞ்சதும் எங்களோட உக்காந்து நாடகமும் கேப்பாங்க. எழுதப் படிக்கத் தெரியாது, மனசு தங்கம். மழை வரும்னு ரேடியோ சொன்னா மழை வருது, நெல்லு வெல சொன்னா அதே வெலதான் விக்குது, அப்புறம் கம்பவுண்டர் மட்டும் எப்படிப் பொய்யாவான்? ஒரு புதன்கிழமை ஆயா எழுந்து, "கொல செஞ்சிட்டு ஒளிச்சு வச்சிருக்கான் ஒரு மவன். ராவுல தூக்கமில்லாம தவிக்கிறான். அவன் மனந்திரும்பணும்மா"ன்னாங்க.

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுது. பக்கத்துல இருந்தவ முந்தானையை வாயில அடச்சுக்கிட்டா. நான் வாயைத் தெறந்து, "அது நாடகம் ஆயா"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா, ஐயரம்மா போனதும் ரேடியோ கேக்குற குட்டு வெளிய வந்துடும். ஐயரம்மா வழக்கப்படி பேரு கேக்கல. 'ஒரு சகோதரன், கொலைப்பாவம்'னு நோட்டுல எழுதிக்கிட்டாங்க. எழுதின கையோட முழங்கால்ல நின்னு அவனுக்காக அப்படி அழுதாங்க!

மொத வாரம் நாங்க சிரிப்பை அடக்கிக்கிட்டு ஆமென் சொன்னோம். ரெண்டாவது வாரம் சிரிப்பு வரல. மூணாவது வாரம் நானே சத்தம் போட்டு ஜெபம் பண்றேன். "ஆண்டவரே, அந்தத் தனிமையில அவனோட இரும்"னு என் வாயே சொல்லுது. இல்லாத ஒருத்தனுக்கு இவ்வளவு உருகுறேனே, இருக்கிறவன் பேரை ஒரு தடவை முணுமுணுத்திருப்பேனா? அன்னிக்கு நான் பாதியிலேயே ஜெபத்தை முடிச்சுக்கிட்டேன்.

அந்தச் சாயங்காலமே நாடகமும் முடிஞ்சுது. கம்பவுண்டர் தானாவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயி, வாழக்கட்டைக்குக் கீழ தோண்டச் சொல்றான். "இனிமே எனக்குத் தூக்கம் வரும் ஐயா"ன்னு சொல்லிட்டு உள்ள போறான். நாங்க எல்லாரும் மூக்கச் சிந்திக்கிட்டு உக்காந்திருந்தோம்.

அடுத்த புதன்கிழமை ஆயா சாட்சி சொல்ல எழுந்துட்டாங்க. "அந்த மவன், கம்பவுண்டரா இருந்தவன், தானா போயி ஒத்துக்கிட்டாம்மா! ஜெயிலுக்குப் போயிட்டான்!" ஐயரம்மா மொகத்தைப் பாக்கணுமே, சொந்தப் பிள்ளை பாஸ் ஆன மாதிரி. "எந்த ஜெயில் ஆயா?" "வேற எங்க, கடலூரா இருக்கும்." எங்க பக்கத்து ஜனத்துக்கு ஜெயில்னா கடலூர்தானே.

"ஜெபம் பண்ணிட்டு அப்படியே விட்டுடறதா? காவல்ல இருக்கிறவனைப் போயிப் பாக்கச் சொல்லியிருக்கே வேதம்"னு ஐயரம்மா சொன்னாங்க. நேரா என்னைப் பாத்து, "டீச்சர், கடலூர் உங்க ஊராச்சே. சனிக்கிழமை கூட வாயேன்மா"ன்னாங்க. எல்லாரும் என்னைப் பாக்குறாங்க, இவ இப்பச் சொல்லிடுவான்னு. நான், "வரேங்கம்மா"ன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு கேட்டா, தனியாப் போக எனக்குத் தைரியம் இல்ல. அதுதான் உண்மை. கட்டுக்கதை கொலைகாரனைச் சாக்கு வச்சாவது அந்த வாசல் வரைக்கும் போயிடலாம்னு நெனச்சேன். போனதுக்கப்புறம் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது.

சனிக்கிழமை காலைப் பஸ்ஸுல ஏறினோம். ஐயரம்மா மடியில ஒரு பை, பை நெறையப் பழமும் ரொட்டியும். புதுச்சத்திரம் தாண்டுறதுக்குள்ள சொல்லிடணும்னு நெனச்சேன். தாண்டிடுச்சு. ஆலப்பாக்கத்துல சொல்லலாம்னு பாத்தேன், அதுவும் போயிடுச்சு. ஐயரம்மா ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே, "பாவம் டீச்சர், அவனுக்கு அக்கா தங்கச்சி யாராவது இருக்காங்களோ என்னவோ"ன்னாங்க. எனக்குச் சுர்ருன்னு கோவம் வந்துச்சு. யாருன்னே தெரியாதவனுக்கு ரொட்டி வாங்கிக்கிட்டு வர்ற இந்தப் பொம்பளை மேல கோவம், அவுங்க நல்ல மனசு மேலேயே கோவம். "இருந்தா வந்து பாத்திருக்க மாட்டாங்களா?"ன்னு வெடுக்குன்னு சொன்னேன். ஐயரம்மா என் கையை எடுத்து அவுங்க மடியில வச்சுக்கிட்டாங்க.

பஸ்ஸ விட்டு எறங்கி ஜட்கா வண்டி பிடிச்சு ஜெயில் இருக்கிற கேப்பர் மலைக்குப் போனோம். ஜெயில்ல யாரையாவது பாக்கணும்னா மனு போடணும். ஜெயில் வாசலாண்ட ஒரு குமாஸ்தா பெரிய நோட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. வரிசையில நின்னு எங்க முறை வந்துச்சு.

"யாரப் பாக்கணும்? பேரு?"

ஐயரம்மா திரும்பி என்னைப் பாத்தாங்க. "கம்பவுண்டரு பேரு என்ன டீச்சர்? நாம கேக்கவே இல்லையே!"

குமாஸ்தா பேனாவத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருந்தாரு. பின்னால ஒரு பொம்பளை, "சீக்கிரம் சொல்லும்மா"ன்னா. இப்பவும் திரும்பிப் போயிடலாம், பேரு தெரியலன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. போயிடுவோமான்னு ஒரு நிமிஷம் நெனச்சேன், சத்தியமா நெனச்சேன்.

அப்புறம் என் தம்பி பேரைச் சொன்னேன். எங்க அப்பா பேரையும் சொன்னேன்.

"உறவு?"

"அக்கா. கூடப் பொறந்த அக்கா."

ஐயரம்மாவோட வாய் தெறந்தபடியே இருந்துச்சு. "கம்பவுண்டர்னு யாரும் இல்லீங்கம்மா. அது ரேடியோ நாடகம். ஆயாவுக்குத் தெரியாது, எங்களுக்கெல்லாம் தெரியும். உள்ள இருக்கிறது என் தம்பி. மலாயா எல்லாம் பொய்"னு ஒரே மூச்சுல கொட்டிட்டேன். குமாஸ்தா, "யாராவது ஒரு ஆளைச் சொல்லுங்கம்மா"ன்னாரு.

ஐயரம்மா மொகம் செவந்து போச்சு. விறுவிறுன்னு போயி ஒரு வேப்பமரத்தடியில உக்காந்துக்கிட்டாங்க. பக்கத்துல உக்கார எனக்குப் பயம். "ஒரு மாசமா என்னை வச்சு வேடிக்கை பாத்தீங்களா எல்லாரும்?"னு கேட்டாங்க. "ஆமாங்கம்மா"ன்னேன். வேற என்ன சொல்ல? அவுங்க கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. எனக்கும் அழுகை, ஆனா அழறதுக்கு உரிமை இல்லாத மாதிரி இருந்துச்சு.

வார்டர் வந்து எங்க மனுவைக் கூப்பிட்டாரு. நான் எழுந்தேன். தனியாத்தான் போகணும்னு நெனச்சுக்கிட்டு நாலு எட்டு வச்சேன். பின்னாலயே ஐயரம்மா வந்து நின்னாங்க. கோவம் போகல, மொகத்துல அப்படியே இருந்துச்சு. ஆனாலும் வந்தாங்க.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி வந்தான். தலமயிரை ஒட்ட வெட்டியிருந்தாங்க. தோளெல்லாம் எறங்கிப் போயிருந்துச்சு. என்னைப் பாத்ததும் ரெண்டு எட்டுப் பின்னால போயிட்டான்.

"ரெண்டு தரம் கூப்பிட்டாங்கக்கா. வேற யாரோன்னு எழுந்திரிக்கல"ன்னான். "மொத வருசமெல்லாம் மனு கூப்பிடுற நாள்ல காலையிலேயே தல சீவிட்டு உக்காந்திருப்பேன். அப்புறம் விட்டுட்டேன்."

நான் வலையில விரலை நொழச்சுக்கிட்டு அழுதேன். அவன் ஐயரம்மாவைப் பாத்தான், இவுங்க யாருன்னு. நான் சொல்றதுக்குள்ள அவுங்களே முன்னால வந்தாங்க.

"ஒரு மாசமா உனக்காக ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன் தம்பி. பேருதான் தெரியாம இருந்துச்சு."

பொய்யே பேசாத பொம்பளை அவுங்க. அதையும் பொய்யாச் சொல்லல, எனக்கு நல்லாத் தெரியும். தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீயும் பண்ணியாக்கா?"ன்னு கேட்டான்.

ஆமான்னு சொல்ல வாய் வந்துச்சு. மூணு வருஷப் பழக்கம் ஆச்சே.

"இல்லடா"ன்னேன். "உனக்குப் பண்ணல. ரேடியோவுல ஒரு கொலைகாரனுக்குப் பண்ணேன்." அழுதுக்கிட்டே, கோர்வை இல்லாம, முழுக் கதையும் சொன்னேன். கெழவர், வாழ, பழம், ஸ்டேஷனுக்குப் போனது எல்லாம். அவன் சின்ன வயசுல கத கேக்குற மாதிரியே மொகத்தைச் சாய்ச்சுக்கிட்டுக் கேட்டான்.

"உள்ள போனானே, அவனை யாரு வந்து பாத்தாங்க?"ன்னான்.

"தெரியலடா. அவன் ஒத்துக்கிட்டதோட நாடகத்தை முடிச்சிட்டாங்க."

"அதுக்கப்புறந்தான்கா இருக்கு எல்லாம்"னு சொன்னான் என் தம்பி.