கீபோர்டு நிற்கிற இடம்

கண் தெரிகிறவர்களிடம் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு விஷயத்தை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். திரையில் எத்தனை கட்டம் இருந்தாலும், நாம் தட்டுகிற எழுத்து அதில் ஒன்றில்தான் விழும். எதில் விழும் என்பது அவர்களுக்கு ஒரு கேள்வியே இல்லை. அந்த இடத்தில் சின்னக் கோடு ஒன்று மினுங்கிக்கொண்டிருக்குமாம், பார்த்துக்கொள்வார்கள். தப்பான இடத்தில் நின்றால் மவுசை நகர்த்தி ஒரு தட்டு, அவ்வளவுதான். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அந்தக் கோடும் இல்லை, மவுசும் இல்லை. கீபோர்டு எங்கே நிற்கிறதோ, அதாவது தட்டுகிற எழுத்து எந்தக் கட்டத்தில் விழுமோ, அங்கேதான் நானும் நிற்கிறேன். அது வழிதவறினால் நானும் வழிதவற வேண்டியதுதான்.

இது எனக்கு உறைத்தது பாம்பனில், ஓர் ஐஸ் கம்பெனியில். இரண்டாயிரம் பிறந்து சில வருடம் ஆகியிருந்தது. அங்கே போன் எடுப்பது என் வேலை. எங்கள் பக்கம் விசைப்படகுகள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் கடலுக்குப் போகும். போவதற்கு முந்தின நாள் மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, பிடிக்கிற மீன் கெடாமல் இருக்க வேண்டுமே என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஐஸ் ஞாபகம் வரும். போனைக் கீழே வைக்க முடியாது. ஒருவரும் பேர் சொல்ல மாட்டார்கள். "தங்கச்சி, நாந்தேன். போன தடவ மாதிரியே போட்டுரு" என்பார்கள். குரலை வைத்தே எந்தப் படகு என்று கண்டுபிடித்துவிடுவேன் என்கிற தைரியம் அவர்களுக்கு. படகுகளுக்கெல்லாம் புனிதர்களின் பேர்தான். நான் அந்தப் பேரைச் சொல்ல, பக்கத்து மேசையில் கணக்கர் சீட்டு எழுதுவார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. வந்த அன்றைக்கே முதலாளி, "இனிமே போன் எடுக்குற ஆளே அதுல ஏத்திறணும். உனக்கு ஏலுமா தாயி? ஏலலன்னா சொல்லிரு, வேற ஆளப் பாப்போம்" என்றார். கேட்ட விதத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கரின் அக்கா மகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த சேதி. அந்த நாற்காலி போனால் எனக்கு வீட்டில் ஒரு மூலைதான் மிச்சம். ஏலும் என்று சொல்லிவிட்டேன்.

நான் படித்த பார்வையற்றோர் பள்ளியின் தோழி ஒருத்தி, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற மென்பொருளை சிடியில் போட்டு அனுப்பினாள். அது வெள்ளைக்காரத் துரையின் குரலில் பேசும். படகுப் பேர்கள் ஆங்கில எழுத்தில் இருந்ததால் வேளாங்கண்ணி மாதாவைத் துரை பாடாய்ப் படுத்தினார். பழகிக்கொண்டேன். இடது காதில் போன், வலது காதில் துரை. பேரின் முதல் எழுத்துகளை அடித்தால் படகைச் சொல்வார். டேப் தட்டினால் எத்தனை ஐஸ் பார் என்கிற கட்டம். எண்ணை அடித்து என்டர் தட்டினால் பதிவாகி, கீபோர்டு மறுபடி பேர் கட்டத்துக்கே வந்து நிற்கும். அடுத்த போனை எடுக்கலாம். சில வாரம் ராணி மாதிரி இருந்தேன்.

அதற்குப் பிறகுதான், ஐஸ் கணக்கு ஏற்றுகிற எங்கள் ப்ரோகிராமை எழுதிய இளைஞர் ராமநாதபுரத்திலிருந்து வந்து அதை அழகுபடுத்திவிட்டுப் போனார். என்டர் தட்டியதும் 'பதிவாயிற்று' என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் தோன்றித் தானே மறையுமாம். முதலாளிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மறுநாள் மத்தியானம் முதல் படகு ஒழுங்காக ஏறியது. இரண்டாவது படகின் பேரை அடிக்கிறேன், துரை வாயைத் திறக்கவில்லை. டேப் தட்டினேன். அதற்கும் பேச்சு இல்லை. போனில் ஆள் காத்திருக்கிறார். கணக்கரைக் கூப்பிட்டேன். அவர் மவுசால் பேர் கட்டத்தைத் தட்டி, ஒரு படகை ஏற்றிக் காட்டினார். "நல்லாத்தான இருக்கு. எல்லாம் அங்கன தெரியுதே" என்றார். தெரிகிறது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் நான் என்ன பேச? போன் விடாமல் அடித்தது. சரி, நான் சொல்லச் சொல்ல அவரே அடிக்கட்டும் என்று ஆயிற்று. எரிச்சலில் நான் வேகமாகச் சொன்னேன். மவுசைத் தொட அவருக்கு நேரமில்லை. இரண்டு விரலால் தடதடவென்று அடித்துத் தள்ளினார்.

விடிந்து பார்த்தால் அந்தோணியார் படகுக்கு மட்டும் ஐஸ் போய் இறங்கிக்கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டர் அடித்துத் தந்த சீட்டில் என்ன இருக்கிறதோ அதைத்தான் லோடுமேன்கள் ஏற்றுவார்கள். கேள்வி கேட்பது அவர்கள் வேலை இல்லை. அந்தப் படகின் சொந்தக்காரர், எங்கள் ஊர்ச் சொல்லில் சம்மாட்டி, போனில் வந்தார். "என்ன தங்கச்சி, ஊரே சேந்து அந்தோணியாருக்கு ஐஸ நேர்ச்சையாக் குடுத்திருக்கா?" மற்ற படகுகள் ஐஸ் இல்லாமல் நின்றன. கடைசியில் எல்லாப் படகு ஆட்களும் அந்தோணியார் படகில் ஏறி, அவரவருக்கு வேண்டியதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குள் நிறைய உருகிவிட்டது. படகுகள் பிந்திப் புறப்பட்டன. சிரித்தவர் அந்த ஒரு சம்மாட்டிதான்.

முதலாளி என் முன்னால் வந்து நின்றார். "தப்பு என் மேலதான். கண்ணில்லாத பிள்ளைய இதுல உக்கார வச்சிருக்கக் கூடாது" என்றார். அடித்தது நான் இல்லை என்று சொல்ல வாய் வந்தது. கணக்கரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று விழுங்கிவிட்டேன். கணக்கர் பக்கம் சீட்டுகளைப் புரட்டுகிற சத்தம்தான் கேட்டது. "திங்கக்கிழமை உங்க அக்கா மகள வரச்சொல்லும்" என்று முதலாளி அவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

மத்தியானம் ப்ரோகிராம்காரர் வந்தார். மவுசால் அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு, "ப்ரோகிராம்ல ஒண்ணும் தப்பு இல்ல சார்" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மவுசக் கழட்டிட்டு அடிங்க. வரிசையா ரெண்டு படகு" என்றேன்.

கழற்றினார். முதல் படகு ஏறியது. இரண்டாவது பேரை அடித்தார், எண்ணை அடித்தார், என்டர் தட்டினார். "அந்தோணியார்ல போய் விழுந்திருக்கு" என்றார் மெதுவாக.

அவர் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. அந்தச் சின்னப் பெட்டி தோன்றும்போது கீபோர்டைத் தன் கைக்கு வாங்கிக்கொள்கிறது. மறையும்போது யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. கீழே இருந்த படகுப் பட்டியலின் முதல் வரியில் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. முதல் வரி அந்தோணியார். அந்த வரி எழுத்தையும் டேபையும் ஏற்காது, எண்ணை மட்டும் வாங்கிக் கூட்டிக்கொள்ளும். அந்தப் பட்டியலுக்குத் துரையோடு பேசவும் தெரியாது. காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தரச்சொல்லி நாங்கள் வேண்டிக்கொள்கிற புனிதரிடமே எல்லா ஐஸும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"இருந்தாலும், கண்ணு தெரிஞ்ச ஆளு அடிச்சிருந்தா இப்பிடி ஆயிருக்குமா?" என்றார் முதலாளி.

கணக்கர் தொண்டையைச் செருமினார். "அடிச்சது நாந்தேன். எனக்குக் கீபோர்டப் பாக்காம அடிக்க வராது. திரைய நிமிந்தே பாக்கல. நேத்து எனக்கும் கண்ணு இல்லதேன்."

அந்த மனுஷர் மேல் எனக்கு இருந்த கசப்பு அந்த இடத்திலேயே போயிற்று.

பெட்டியை எடுத்தே ஆகவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பெட்டி இருக்கட்டும், போகும்போது கீபோர்டை வாங்கின இடத்தில் விட்டுவிட்டுப் போனால் போதும் என்றார் ப்ரோகிராம்காரர். அவர் சொன்னதுதான் சரி. கொஞ்ச நேரம் எதையோ அடித்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்புகிற சத்தம் கேட்டது.

"நீங்கதான இதுல வேல பாக்குறீங்க. தெறந்ததும் கீபோர்டு எங்க நிக்கணும்? அடுத்து எங்க போகணும்? சொல்லுங்க, அப்படியே வச்சிருவோம்."

பஸ்ஸில், கோயிலில், கல்யாண வீட்டில், எல்லாரும் என் தோளைப் பிடித்து அவர்களுக்குத் தோதான இடத்தில் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். எங்கே நிற்க வேண்டும் என்று அதுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. அழுகை வந்தது, அழுதேன். முதலாளி என்ன நினைத்தாரோ, "அக்கா மகளுக்கு வேற எடத்துல சொல்லிவிடுறேன்" என்று கணக்கரிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

"படகு பேர்ல நிக்கட்டும்" என்றேன்.

அடுத்த தடவை முதல் போனே அந்தோணியார் சம்மாட்டியுடையது. "நாந்தேன் தங்கச்சி. இன்னைக்கு எங்களுக்கு வேண்டியது மட்டும் போதும்" என்றார். ஏற்றினேன். பெட்டி வந்து மறைந்திருக்க வேண்டும். அடுத்த போனை எடுத்து, குரலைக் கேட்டு, பேரின் முதல் எழுத்துகளை அடித்தேன். வலது காதில் துரை வேளாங்கண்ணி மாதாவைக் கடித்துக் குதறினார். அதைவிட நல்ல உச்சரிப்பை நான் கேட்டதில்லை.