ஆறு வெட்டும் பன்னிரண்டு வெட்டும்

1944-ஆம் ஆண்டு, ஜப்பான்காரர்கள் ஆட்சியில் கோலாலம்பூர் இருந்த நேரம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சிறிய மருந்துக் கடையில் மருந்து கலந்து கொடுக்கும் வேலையில் நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஏழாம் வகுப்புவரை ஆங்கிலம் படித்தவள் என்பதால் அந்த வேலை கிடைத்தது. சம்பளத்துடன் மாதாமாதம் கொஞ்சம் அரிசியும் தருவார்கள். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டுப் போவேன். போகும் வழியெல்லாம், நான் செய்வது சரிதானா என்று என்னையே கேட்டுக்கொண்டிருப்பேன்.

"யாரோ பெத்த பிள்ளைக்கு மருந்து கலக்குறே. நம்ம பிள்ள மூக்கு ஒழுகிக்கிட்டு அடுத்த வீட்டுல நிக்குது" என்பார் என் வீட்டுக்காரர். ரயில்வே அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை பார்த்த அவர், என்னை வேலையை விடச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கும் பாதி மனம் அப்படித்தான் சொன்னது.

அப்போது போத்தல் கிடைக்காது. மருந்துக்கு வருபவர்களே பழைய போத்தலைக் கழுவிக் கொண்டுவருவார்கள். மருந்தை ஊற்றியதும், ஓரத்தில் அளவாக வெட்டுப் போட்ட காகிதப் பட்டையை மரவள்ளி மாவுப் பசையால் போத்தலின் பக்கத்தில் ஒட்டுவோம். ஒரு வெட்டு, ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அது புரியும். பெரியவர்களுக்கு ஆறு வெட்டு. குழந்தைக்கு அதே போத்தலைப் பன்னிரண்டு வேளையாகப் பிரிக்க வேண்டும்.

ஒரு நாள் காலை, சாலாக் செலாத்தானிலிருந்து என் வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். முன்பு தன் கணவருக்கு மருந்து வாங்கிப்போன போத்தலையே கொண்டுவந்திருந்தாள். அவளுடைய மகனுக்கு என் மகள் வயதுதான். குளிர்காய்ச்சல். கொய்னா மருந்து ஊற்றி, "ஒரு வேளைக்கு ஒரு வெட்டு" என்று சொல்லி அனுப்பினேன். கடையில் அன்று நல்ல கூட்டம்.

மறுநாள் காலை மேசையைத் துடைக்கும்போது தராசுக்கு அடியில் ஒரு காகிதப் பட்டை கிடந்தது. பன்னிரண்டு வெட்டு. அவள் போத்தலுக்காக நான் வெட்டியது. அவள் கொண்டுவந்த போத்தலில் முன்பு அவள் கணவருக்குக் கொடுத்த மருந்தின் ஆறு வெட்டுப் பட்டை அப்படியே இருந்திருக்கிறது. அதைப் பார்த்து, ஒட்டியாகிவிட்டது என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். அப்படியானால் பிள்ளைக்கு ஒவ்வொரு வேளையும் இரண்டு பங்கு கொய்னா. அளவு மீறினால் அது சின்னப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

கடையை நடத்திய கம்பவுண்டரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "போயும் போயும் கொய்னாவுலயாம்மா? நான் கடைய விட்டு வர முடியாது. நீயே ஓடு. அந்தப் பட்டையையும் பசையையும் எடுத்துக்க."

நடந்தேன், ஓடினேன். வழியில் காவலுக்கு நின்ற ஜப்பானியச் சிப்பாயின் முன் குனிந்து வணங்கிவிட்டு மறுபடி ஓடினேன். அந்தப் பிள்ளை பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் இந்த வேலை இன்றோடு போதும் என்று முடிவுசெய்தேன்.

சாலாக் செலாத்தான் ரயில் நிலையத்துக்குப் பின்னால் விசாரித்து அவர்களுடைய பலகை வீட்டைக் கண்டுபிடித்தேன். பிள்ளை வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தான். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"என்ன மிஸி, மருந்தத் திருப்பி வாங்கிக்க வந்தீங்களா?" என்று அவள் சிரித்தாள். மருந்துக் கடையில் இருந்ததால் என்னை நர்ஸ் என்றே நினைத்திருந்தாள்.

"எத்தனை வேளை குடுத்தே?"

அவள் முகம் மாறியது. "கோவிச்சுக்காதீங்க. வேள தவறாமதான் குடுத்தேன். ஆனா ஒரு வெட்டு குடுக்கல, அரை வெட்டுதான் குடுத்தேன். மருந்து ரெண்டு மடங்கு நாள் வரும்ல? இவங்கப்பாவுக்கும் அப்படித்தான் குடுத்தேன்."

ஆறில் அரை வெட்டு என்றால் பன்னிரண்டில் ஒரு வெட்டு. பிள்ளைக்குச் சரியான அளவே போயிருக்கிறது.

"உன் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

"எங்க விட்டுச்சு? போகுது, வருது. உள்ளதான் கெடக்காரு, பாருங்க."

எட்டிப் பார்த்தேன். கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஒருவர் நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த மருந்தைக் கலந்தவளும் நான்தான். அளவு சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அது பாதியாகிவிடும் என்று எனக்குத் தெரியாது.

என் தவறைச் சொல்லாமலே பட்டையை மாற்றி ஒட்டிவிட்டு வந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். அவள் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப, நீங்க சொன்னபடி நான் கேட்டிருந்தா?"

பழைய பட்டையைச் சுரண்டிவிட்டுப் புதியதை ஒட்டினேன். "இனிமே முழு வெட்டு குடு. குறைக்காதே" என்றேன்.

"எப்படி மிஸி நம்புறது? நீங்களே இங்க உக்காந்து குடுத்துட்டுப் போங்க."

மதிய வேளை வரும்வரை அங்கேயே இருந்தேன். மருந்தைக் கொடுத்து, அதன் பிறகும் வெகுநேரம் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் கணவருக்கும் மருந்து கொண்டுபோய், அவர்கள் முன்னாலேயே ஒரு வெட்டு ஊற்றிக் காட்டினேன்.

"இப்பவாவது விட்டுடு" என்றார் என் வீட்டுக்காரர். நான் விடவில்லை. நான் விலகினால் அந்த மேசைக்கு வேறொருத்தி வருவாள். பாதி பாதியாகக் கொடுக்கிறார்கள் என்று அவளுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? அன்றிலிருந்து போத்தலைக் கொடுக்கும் முன், "வீட்டுல எப்படி ஊத்துவீங்க, காட்டுங்க" என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். கம்பவுண்டர்கூட, "பரீட்சை வைக்கிறியாம்மா?" என்பார்.

என்னைப் போல் பயந்த சுபாவம் உள்ளவள் இந்த வேலைக்கு ஆகமாட்டாள் என்று அப்போது நினைத்திருந்தேன். அந்தப் பயம் என்னை விட்டுப் போகிற நாளில்தான் நான் விலக வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.